ஐப்பசியில் இறங்கும் பாதை: வட்டக்கானல் முதல் கும்பக்கரை வரை

ஐப்பசி பிறந்ததும் மலைக்குப் புறப்படுகிறேன் என்றால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இந்த அடைமழையில் அங்கே போய் என்ன பார்க்கப் போகிறாய்?" என்பதுதான். பறவை, வண்ணத்துப்பூச்சி, காட்டுப்பூ ஆகிய மூன்றையும் ஒரே பகலில் பார்க்கத் தமிழ்நாட்டில் எந்த நாள் நல்லது என்று என்னைக் கேட்டால், ஐப்பசியில் இரவெல்லாம் பெய்து விடியலில் வெளுத்த ஒரு நாளைச் சொல்வேன். இடத்தையும் கேட்டால் பழனி மலையின் தெற்குச் சரிவைச் சொல்வேன். கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் தொடங்கி, வெள்ளகவி என்ற மலைக்கிராமத்தைத் தொட்டு, பெரியகுளத்துக்கு அருகிலுள்ள கும்பக்கரை அருவியில் முடியும் பழைய நடைபாதை அங்கேதான் இருக்கிறது.

பழனி மலை, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டிருக்கும் ஒரு கை. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பங்கை ஆனைமலையும் கேரளப் பக்கத்து மலைகளும் வாங்கிக்கொள்கின்றன. ஆனி, ஆடியில் வட்டக்கானலில் நின்றால் பலத்த காற்றும் மூடுபனியும் தூறலும் உண்டு, ஆனால் மண் ஆழம்வரை நனையாது. இந்த மலைக்கு உரிய பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது. அக்டோபரில் தொடங்கி நவம்பர் முழுக்க ஓடைகள் நிறைகின்றன. வலசைப் பறவைகள் வடக்கிலிருந்து வந்து சேர்வதும், சமவெளி வண்ணத்துப்பூச்சிகள் மேற்கு நோக்கி நகர்வதும், புல்வெளிகள் பூத்து நிற்பதும் இதே வாரங்களில்தான்.

ஏன் இறங்க வேண்டும்

முதல் முறை நான் இந்தப் பாதையைக் கீழிருந்து மேலே ஏறினேன். கும்பக்கரையில் விடியலில் கிளம்பினோம். முன்னே போகிறவரின் குதிகாலையும் அடுத்து மிதிக்க வேண்டிய கல்லையும் தவிர எதையும் நான் பார்க்கவில்லை. மூச்சிரைப்பில் காதும் அடைத்துப்போனது. நண்பகலுக்குப் பிறகு மேலே சேர்ந்தபோது மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. குறிப்பேட்டில் ஏழு பறவைகள்கூட இல்லை. வழிகாட்டியாக வந்த வெள்ளகவிப் பெரியவரிடம், "என்ன அண்ணே, இந்த மலையில் குருவியே இல்லையா?" என்று கேட்டேன். "ஏறுறப்ப யாருக்கும் கண்ணு மேல போகாது சார். ஒரு நா மேல இருந்து எறங்கி வாங்க, நான் காட்டுறேன்" என்றார். அடுத்த ஆண்டு அப்படியே செய்தேன். அதன்பிறகு நான் ஏறவே இல்லை.

மூச்சு வாங்காது என்பது இறங்குவதில் உள்ள ஒரு வசதி மட்டுமே. பகலின் வெளிச்சமும் மலையின் உயரமும் இறங்கும்போது பொருந்திவருகின்றன என்பதுதான் பெரிய காரணம். விடியலில் பறவைகள் குரல் கொடுக்கும் நேரத்தில் நாம் சோலைக்குள் இருக்கிறோம். பத்து மணிக்கு மேல் வெயில் எட்டிப் பார்க்கும்போது வெள்ளகவியின் காப்பித் தோட்டங்களுக்கு வந்திருப்போம். வண்ணத்துப்பூச்சிக்கு அதுவே இடம், அதுவே நேரம். பிற்பகல் மழை பிடிக்கும்போது கீழ்ச்சரிவில் இருப்போம். அங்கே பூக்கள் மழையில் ஓடி ஒளிவதில்லை. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் இப்படிப் படிப்படியாகக் கடக்கிறோம். சோலைக்காடு, காப்பிக்காடு, இலையுதிர்காடு, முட்புதர் என்று நான்கு நாடுகளைக் கடப்பது போன்றது அது.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் இந்த யோசனை பொருந்தாது. ஈரக்கல்லில் நீண்ட இறக்கம் மூட்டுகளைப் பிடித்துவிடும். அவர்கள் மேல்பகுதியில் ஓர் அரைநாள் நடந்து திரும்புவதே நல்லது. பார்ப்பதற்கு அங்கேயே போதுமானது உண்டு.

அனுமதி

காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் காலடி வைக்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று கும்பக்கரை இருக்கும் இதே தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் பற்றிய தீ, மலையேற்றம் போனவர்களைச் சூழ்ந்து 23 உயிர்களைப் பறித்தது. அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை இணையவழிப் பதிவுக்குத் திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். எந்தப் பாதை எந்த மாதம் திறந்திருக்கிறது, எதுவரை நடக்கலாம் என்பது மழையையும் யானை நடமாட்டத்தையும் பொறுத்து மாறும். பதிவு செய்யும் நாளில் அதைச் சரிபாருங்கள். அனுமதி வெள்ளகவிவரைதான் என்றால் அதுவரை போய், வந்த வழியே திரும்புங்கள். "தெரிந்த ஆள் இருக்கிறார், கூட்டிப் போய்விடுவார்" என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சொந்த வண்டியில் கொடைக்கானல் வருகிறவர்களுக்கு இ-பாஸ் தேவை. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் அங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் பதிவை ரத்து செய்யத் தயங்கக் கூடாது. பணம் போனால் போகட்டும். மண்சரிவும் திடீர் வெள்ளமும் இந்தச் சரிவுக்குப் புதியவை அல்ல.

முந்தைய நாள் மதியமே கொடைக்கானல் வந்துவிட்டால் செண்பகனூர் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். இயேசு சபைத் துறவிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. பாடம் செய்த உயிரினங்களும் ஆர்க்கிட் தோட்டமும் அங்கே உண்டு. மறுநாள் காட்டில் ஒரு நொடி மட்டும் தெரியப்போகிறவற்றை அங்கே ஆற அமர நின்று பார்த்துக்கொள்ளலாம்.

பையில் என்ன

தொலைநோக்கி வாங்கும்போது பலரும் பத்து மடங்கு பெரிதாக்கும் 10x42 வகையை எடுக்கிறார்கள். மழைக்காலச் சோலைக்கு 8x42 நல்லது. நாற்பத்திரண்டை எட்டால் வகுத்தால் ஐந்தேகால் வருகிறது. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். பத்தால் வகுத்தால் நாலேகால்கூட இல்லை. இருட்டான புதரடியில் கருநீலக் குருவியைத் தேடும்போது அந்த ஒரு மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம். கை நடுக்கமும் எட்டில் குறைவாகவே தெரியும்.

மழைக்கோட்டைவிட எனக்குக் கறுப்புக் குடை பிடிக்கும். மழைக்கோட்டின் தொப்பியில் விழும் துளியின் சத்தம் காட்டின் சத்தத்தை அழித்துவிடும். குடைக்குக் கீழே நின்றால் காது திறந்திருக்கும், தொலைநோக்கியும் நனையாது. வழுக்கும் இறக்கத்தில் மட்டும் குடையை மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டு இரண்டு கையையும் காலியாக விடுங்கள். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள், பேனா மை கரையும். உணவுக்குப் புளியோதரையோ, பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியோ வாழையிலையில் கட்டிக்கொண்டால் மாலைவரை தாங்கும். கூடவே ஒரு துண்டு கருப்பட்டி.

அட்டைகளுக்கு நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறைதான் நம்பகமானது. உப்பும் புகையிலையும் மழையில் கழுவிப் போய்விடும். கடித்துவிட்டால் பதறி இழுக்காதீர்கள், தீக்குச்சியால் சுடாதீர்கள். விரல் நகத்தை அதன் வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டிச் செலுத்தித் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு சுரப்பை விட்டிருப்பதால் கொஞ்ச நேரம் வடியும். பயப்பட ஒன்றுமில்லை.

விடியல்: சோலை

ஆறேகாலுக்கு நடக்கத் தொடங்குங்கள். வட்டக்கானல் என்ற பெயருக்குள்ளேயே கானல், அதாவது காடு, இருக்கிறது. வாட்டில், பைன் மரங்களை நட்டு மாற்றப்பட்ட சரிவுகளுக்கு நடுவே இன்னும் உயிரோடு இருக்கும் சோலைத் துண்டுகள் இவை. வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை போன்றவர்கள் உள்ளூர் மரக்கன்றுகளை வளர்த்து இவற்றை மீட்கப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள்.

இங்கே நீங்கள் பார்க்க வேண்டிய முதல் பறவை சோலைக்கிளி. பெயரில் கிளி இருந்தாலும் அது கிளி இனமில்லை. கருநீல உடல், வெள்ளை வயிறு, நீண்ட கால்களுடன் தரையை ஒட்டித் தத்தும் குருவி. 19ஆம் நூற்றாண்டில் அறிவியலுக்கு இந்தப் பழனி மலையிலிருந்தே விவரிக்கப்பட்டது. எந்தப் பேரினத்தில் சேர்ப்பது என்று நெடுநாள் குழப்பம் இருந்தது. 2017இல் மரபணு ஆய்வுக்குப் பிறகு அதற்கென்று புதுப் பேரினம் உருவாக்கி 'ஷோலிகோலா' என்று பெயரிட்டார்கள். சோலையில் வாழ்வது என்று பொருள். ஆங்கிலப் பறவை நூல்களிலும் இப்போது அது 'ஷோலாகிளி' என்றே அச்சாகிறது. நம் மலைமக்கள் சொன்ன சொல் உலகப் பட்டியலில் ஏறியிருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு அதைத் தேடுங்கள், நடை தானாக மெதுவாகும்.

அதைப் பார்க்கும் முறை எளிது. ஓடை பாதையைக் குறுக்கிடும் இடத்தில், புதரைப் பார்த்தபடி, பேசாமல் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். நடந்துகொண்டே இருப்பவருக்கு அது தென்படாது. கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் இன்று பரவியிருக்கிறது. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று பதறித்தான் அந்தப் பறவை வெளியே வருகிறது. இரை தேட வேண்டிய காலை நேரத்தை அந்தப் பதற்றத்தில் இழக்கிறது. செய்யாதீர்கள்.

அதே புதரடியில் கறுப்புத் தலையும் எரியும் ஆரஞ்சு உடலுமாகக் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் வரும். சற்று உயரத்தில் நீலகிரி ஈப்பிடிப்பான். கூட்டமாகச் சிரிப்பது போல ஒலி கேட்டால் பழனிமலைச் சிரிப்பான். இதன் உறவினங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றாகப் பிரிந்து வாழ்கின்றன. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இருப்பது வேறு இனம், தெற்கே அகத்தியமலைப் பக்கம் இருப்பது வேறு. பறக்கத் தெரிந்த உயிருக்கும் ஒரு கணவாய் கடலைப்போல் குறுக்கே கிடந்திருக்கிறது.

மழை வந்தால் நடப்பதை நிறுத்திவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். மழை விட்ட பிறகான அரைமணி நேரம்தான் அந்த நாளின் உச்சம். நனைந்து ஒடுங்கியிருந்த பறவைகள் எல்லாம் ஒரே சமயம் இரைக்குக் கிளம்பும். பட்டாணிக்குருவி, வெள்ளைக்கண்ணி, மின்சிட்டு, சாம்பல்தலை ஈப்பிடிப்பான், மரத்தண்டில் தலைகீழாக ஊரும் செவ்வலகு நீலக்குருவி என்று பல இனங்கள் சேர்ந்த ஒரு கலப்புக் கூட்டம் தலைக்கு மேல் கடந்துபோகும். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அப்போது புத்தகத்தைப் புரட்டாதீர்கள். நிறம், அளவு, எந்த உயரத்தில், என்ன செய்தது என்பதை மட்டும் கண்ணில் வாங்குங்கள். பெயரைப் பிறகு தேடலாம்.

டால்பின் மூக்குப் பாறை இந்த வழியில்தான். இடி கேட்டால் அந்தத் திறந்த பாறையின் பக்கமே போகாதீர்கள். பாதை ஓரத்துப் புல்லில் இளஞ்சிவப்புக் கதிராக நிற்கும் தரை ஆர்க்கிட்டைத் தேடுங்கள். நீர் கசியும் இடங்களில் மண்டியிட்டுப் பார்த்தால், இலை நுனியெல்லாம் பனித்துளி போல் பசை மின்னும் அழுகண்ணி தெரியும். சிறு பூச்சிகளை ஒட்டிப் பிடித்துச் செரிக்கும் செடி அது. கசியும் பாறையில் காசித்தும்பையின் காட்டு உறவினங்கள் பூத்திருக்கும். குறிஞ்சியை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஒரு சொல்: பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது. இனி 2030. அதன் உறவினங்களில் வேறு சில இடைப்பட்ட ஆண்டுகளிலும் பூக்கின்றன.

நண்பகல்: வெள்ளகவி

பல தலைமுறைகளாகக் கால்நடையாகவே உலகத்தோடு தொடர்பு வைத்திருந்த ஊர் இது. விளைந்த காப்பியும் எலுமிச்சையும் பட்டர் புரூட்டும் குதிரை முதுகிலும் மனித முதுகிலும் இறங்கின. நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. ஊரே கோயில் மண் என்பது அவர்கள் நம்பிக்கை. எல்லை வந்ததும் வழிகாட்டி சொல்வார். மறுபேச்சின்றிக் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வீடுகளையும் பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

வெயில் எட்டிப் பார்த்ததும் தோட்ட ஓரங்களில் கிலுகிலுப்பைச் செடியைத் தேடுங்கள். கருநீல வரியன், நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகிய வண்ணத்துப்பூச்சிகள் அதில் கொத்துக்கொத்தாக மொய்த்திருக்கும். பூவில் தேன் குடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆண் பூச்சிகள் காய்ந்த தண்டையும் இலையையும் காலால் பிறாண்டிச் சாற்றை உறிஞ்சுகின்றன. அதிலுள்ள ஒரு காரப்பொருளைக் கொண்டுதான் பெண் பூச்சியை ஈர்க்கும் மணத்தை உருவாக்குகின்றன. பறவைகளுக்கு அவற்றின் உடல் கசப்பதற்கும் அது உதவுகிறது. கோடை முடிவில் தென்மேற்கு மழைக்கு முன்னும் பின்னுமாகக் கிழக்கே போகும் இந்தக் கூட்டங்கள், அக்டோபர், நவம்பரில் சமவெளியிலிருந்தும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்தும் மேற்கு மலைகளை நோக்கித் திரும்புகின்றன. அவை எல்லாம் ஒரே திசையில் போனால் திசை, நேரம், ஒரு நிமிடத்தில் எத்தனை கடந்தன என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அந்த எளிய கணக்குக்கு ஆய்வாளர்களிடம் மதிப்புண்டு.

ஓடைக்கரையின் ஈரமணலில் வண்ணத்துப்பூச்சிகள் கூடி உட்கார்ந்திருப்பதையும் இங்கே பார்க்கலாம். மண்ணிலுள்ள உப்புச்சத்தை உறிஞ்ச வரும் ஆண்கள் அவை. ஆரஞ்சுச் சிறகும் ஓரத்தில் கறுப்புக் கோடுகளும் கொண்டது இருந்தால் அது தமிழ் மறவனாக இருக்கலாம். 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. அதைக் கலைத்துப் பறக்கவிட்டுப் படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மழைமேகத்துக்கு நடுவில் கிடைக்கும் ஒரு மணி நேர வெயில்தான் அதற்கு முழு உணவு நேரமும். நிழல் அதன்மேல் விழாதபடி குனிந்து, மெல்ல நகர்ந்தால் ஓர் அடி தூரத்திலும் பறக்காது.

காப்பி நிழலில் தலையைத் தாழ்த்தி நடக்கும் மரகதப் புறா நம் மாநிலப் பறவை. பாதையிலேயே நின்று நம்மைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பறக்கும். வளைவுகளில் அடி வைப்பதற்கு முன் ஒரு நொடி நின்று பார்த்தால் அதைத் தவறவிட மாட்டீர்கள். காட்டுமாடு நிற்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். நின்றால் வழிகாட்டி சொல்லும்வரை அசையாதீர்கள்.

பிற்பகல்: கீழ்ச்சரிவு

இங்கிருந்து காடு வெளுக்கும், வெக்கை கூடும். வேலியோரப் புதர்களில் செங்காந்தள் ஏறியிருக்கும். இலை நுனியே சுருண்டு கொம்பாகிப் பிடித்துக்கொள்வதைப் பாருங்கள். பூ பச்சையாய் விரிந்து, மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவந்து முழுச் செம்மைக்கு வர நாட்கள் ஆகும். ஒரே கொடியில் எல்லா நிறங்களையும் காணலாம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் காந்தளும் உண்டு. நம் மாநில மலரும் இதுதான். கண்வலிக்கிழங்கு என்று திண்டுக்கல், கரூர் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். கிழங்கு கடும் நஞ்சு. குழந்தைகளோடு வருகிறவர்கள் கவனமாக இருங்கள்.

மாலை ஐந்தரைக்கு மேல் புதர்க்காட்டிலிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்டால் நில்லுங்கள். ஆறுமணிக் குருவி. வடக்கிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருக்கும். விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் வந்த பெயர்.

கும்பக்கரைக்குப் பாம்பாற்றின் நீர் மேலே கொடைக்கானல் மலையிலிருந்து வருகிறது. கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே மேலே பெய்த மழை வெள்ளமாக இறங்கிவிடும். நீர் கலங்குவதோ, சருகு மிதந்து வருவதோ தெரிந்தால் உடனே கரையேறுங்கள். வனத்துறை குளிக்கத் தடை விதித்திருந்தால் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள்.

அன்றிரவே குறிப்புகளை இபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் இணையதளங்களில் ஏற்றிவிடுங்கள். காக்கை, மைனா உட்படப் பார்த்த எல்லாவற்றையும். அரிய பறவை மட்டும் உள்ள பட்டியலால் யாருக்கும் பயனில்லை.

திரும்பியதும் உடுத்திய துணியை வெந்நீரில் ஊறவைத்து, தேய்த்துக் குளியுங்கள். மழைக்காலப் புதர்களில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் கடித்து உண்ணிக்காய்ச்சல் வருவது தமிழ்நாட்டில் அபூர்வம் இல்லை. அடுத்த மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சலோ தலைவலியோ வந்தால் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில் தீக்காயம் ஆறியது போன்ற கருத்த புண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போனதும், அவர் கேட்பதற்கு முன்பே, காட்டுக்குள் நடந்து வந்ததைச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் குணமாகிவிடும்.